மொழிபெயர்ப்பாளர் கட்டிய முப்பது வேற்றுமைகள்

ஹிதாயத்துல்லாவுக்குப் பேசுவதுதான் பிழைப்பு; ஆனால் எதுவும் அவர் பேச்சில்லை. புதுச்சேரி கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர். சாட்சி 'நான்தான் அடிச்சேன்' என்றால், இவரும் பிரெஞ்சில் 'நான்தான் அடித்தேன்' என்றே சொல்ல வேண்டும். அதுதான் அங்கே முறை. பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போன பிறகும் கோர்ட்டை விட்டு பிரெஞ்சு போகவில்லை. ஊரார் செய்த களவையும் அடிதடியையும் தம் வாயால் ஒப்புக்கொண்டு, தொண்டை வற்றி வீடு திரும்புவார் மனிதர். பாவம்.

ஒருநாள் கனகசெட்டிக்குளத்து மீனவர் ஒருவர் 'என் வலை' என்றார். வாங்கிய வலையா, மாமனார் இரவல் தந்ததா, அந்தச் சொல்லில் இல்லை. கேட்டுச் சொல்ல இவருக்கு அனுமதியும் இல்லை. அன்று வீட்டுக்கு நடக்கும்போதே தமக்கென்று ஒரு பாஷை கட்ட ஆரம்பித்தார். தமிழுக்கு எட்டு வேற்றுமை போதும். இவருக்குப் போதவில்லை. கையில் இருக்கும் பொருளுக்கு ஓர் உருபு, இரவல் பொருளுக்கு ஒன்று, வருவதாகச் சொல்லி வராதவருக்கு ஒன்று, பக்கத்திலிருந்தும் பேசாதவருக்கு ஒன்று. சில வருஷத்தில் முப்பதைத் தொட்டுவிட்டது.

மனைவி சலீமா முதலில் சிரித்தாள். மீன் குழம்புக்கு என்ன உருபு என்று வம்பிழுத்தாள். பிறகு அலுத்துப்போனாள். வீட்டில் அவர் வாய் திறப்பதே அபூர்வம், திறந்தால் உருபு.

1962ஆம் வருஷம், பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்த மருமகன் மொய்னுதீன் விடுப்பில் வந்தான். மகள் கரீமா பிரான்சில் பிள்ளைத்தாய்ச்சி. அவள் அம்மா தன்னோடு வரட்டும், பிடித்தால் அங்கேயே தங்கட்டும் என்றான். சலீமா கணவரைக் கேட்டாள். அவர் மகள் பக்கத்து நியாயத்தைச் சொன்னார், மருமகன் பக்கத்தையும் பிசகாமல் சொன்னார். "நீங்க என்ன சொல்றீங்க?" என்றதற்கு, அதே இரண்டையும் மறுபடி சொன்னார். அத்தனை பேருக்காக 'நான்' சொல்லி ஓய்ந்தவருக்குத் தமக்காக அதைச் சொல்லத் தெம்பில்லை.

அதிலிருந்து சலீமா 'போறேன்' என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். பெட்டி கட்டும்போதும், அக்கம்பக்கத்தில் விடைபெறும்போதும் அதேதான். மூலைக்கடைக்குப் போனாலும் 'போயிட்டு வரேன்' என்று சொல்லும் ஊர் இது. யார் வாயில் எந்தச் சொல் நழுவினாலும் பிடிக்கிறவர், இதைக் கவனிக்காமலா இருப்பார்? கவனித்தார். பெட்டிக்குக் கயிறு இறுக்கிக் கொடுத்தார்.

கப்பலைப் பிடிக்கப் போகும் ரயிலில் பெட்டியை ஏற்றிவிட்டு, ஜன்னலோரம் நின்று, அவள் பெயரோடு ஓர் உருபைச் சேர்த்துச் சொன்னார். புதிது, அவளுக்கென்றே கட்டியது.

சலீமா களைத்த கண்ணோடு பார்த்தாள். "தமிழ்ல சொல்லுங்க."

வண்டி அசைந்தது. அவரும் கூடவே நடந்தார்.

"நீ இல்லாம என்னால முடியாது, சலீமா. வந்துடு."

"இதச் சொல்ல இத்தினி வருஷமா?" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு ஜன்னல் கம்பி வழியே கையை நீட்டி அவர் விரலைத் தொட்டாள்.

"போயிட்டு வரேன்."