ரீத்தா கூட்டிச் சொன்ன பத்து மாதம்

2001 ஜூனில் மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது ரீத்தா ஒரு பொய் சொன்னாள். பிள்ளைக்கு நாலரை வயதுதான். பள்ளிக்கு ஐந்து முடிந்திருக்க வேண்டும். விடிந்ததும் மீன்சட்டியோடு களியக்காவிளை பஸ் ஏறுகிறவள் பிள்ளையை யாரிடம் விடுவாள்? 1996 நவம்பர் 14-ல் பிறந்தவளை அதே வருடம் ஜனவரி 10 என்றாள். கடற்கரையில் பாதிப் பேர் இப்படித்தான் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். தலைமை ஆசிரியைக்கும் தெரியும். சிரித்தபடி எழுதிக்கொண்டார்.

2014 பிப்ரவரியில், மகள் வேலைக்குப் போன கம்ப்யூட்டர் சென்டரின் முதலாளி கதவைப் பூட்டி அவளைப் பலாத்காரம் செய்தான். அவனுக்கு வயது நாற்பத்தொன்று. பிடித்ததும் ஒரே சொல்தான் சொன்னான்: சம்மதம்.

"பதினெட்டு முடியலேன்னா அந்தப் பேச்சே எடுபடாது. போக்சோ சட்டம். தைரியமா இரி மக்கா" என்றார் மகளிர் காவல் நிலைய ஏட்டம்மா.

ரீத்தா கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டின் நகலை வாங்கிவந்தாள். பிறந்த எட்டாம் நாள் ஞானஸ்நானம். பிறந்த தேதியும் அதில் இருந்தது. சம்பவத்தன்று மகளுக்குப் பதினேழே கால் வயது.

நாகர்கோவில் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் சத்தியநேசன் எழுந்தார்.

"பள்ளிக்கூடத்துல சொன்னது பொய்யா?"

"பொய்தான் சாரே."

"அப்போ வயசக் கூட்டினீங்க, இப்போ குறைக்கிறீங்க. மீனுக்கு விலை சொல்ற மாதிரி."

சிலர் சிரித்தார்கள்.

"மீனு அழுவினா மணம் காட்டிக் குடுத்துரும். உங்க ஆளு சென்டு அடிச்சிட்டுல்லா வந்து நிக்கான்."

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும்படி நீதிபதி சொன்னார்.

தலைமை ஆசிரியையும் சாட்சி சொன்னார். "பெற்றோர் சொன்னதை எழுதினேன்." அவ்வளவுதான்.

2016-ல் தீர்ப்பு. வயதுக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழ்தான் முதல் ஆதாரம்; அது இருக்கும்போது கோயில் பதிவேட்டைப் பார்க்க வேண்டியதில்லை. பள்ளியில் சொன்ன தேதியே ஏறியிருந்த அந்தச் சான்றிதழ்ப்படி, சம்பவத்தன்று அவளுக்குப் பதினெட்டு முடிந்து ஒரு மாதம். போக்சோ விலகியது, சம்மதம் உள்ளே வந்தது. வேண்டாம் என்று அவள் கெஞ்சியதற்குச் சாட்சி இல்லை. நாலு நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்ததற்கு மட்டும் நிறையச் சாட்சி இருந்தது. சந்தேகத்தின் பலன் அவனுக்குப் போனது.

ரீத்தா இப்போதும் களியக்காவிளைக்குத்தான் மீன் கொண்டுபோகிறாள். வருடத்தில் ஒருநாள் மட்டும் போவதில்லை. ஜனவரி பத்தாம் தேதி காலையில் வங்கியிலிருந்து மகளின் போனுக்குப் பிறந்தநாள் வாழ்த்து வரும். மகள் எழுந்திருப்பதற்குள் அதை அழித்துவிட வேண்டும்.