அம்மை போட்ட முகம்

என்னை மடத்தில் சேர்த்துக்கொள்ள முடியாது என்று மதர் சொன்ன அன்று, நானும் அய்யாவும் சித்தையன்கோட்டைப் பக்கமிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்துத் திண்டுக்கல்லுக்கு வந்திருந்தோம். எனக்குப் பதினெட்டு வயது. கையில் ஒரு தகரப் பெட்டி. அதில் இரண்டு வெள்ளைச் சேலை, ஒரு ஜெபமாலை, அம்மா சுட்டுக் கொடுத்த முறுக்கு. நான் திரும்பி வருவேன் என்று வீட்டில் யாரும் நினைக்கவில்லை. அம்மா என் பாயைச் சுருட்டித் தங்கையிடம் கொடுத்தே விட்டாள்.

ஒன்பது வயதில் எனக்குப் பெரியம்மை கண்டது. பிழைக்க மாட்டேன் என்று ஊரே சொல்லிவிட்டதாம். என்னை வாழையிலையில் கிடத்திவிட்டு, "இவ பிழைச்சா உமக்கே குடுத்துர்றேன், ஆண்டவரே" என்று அம்மா நேர்ந்துகொண்டாள். பிழைத்தேன். இடது கண் போய்விட்டது. முகம் முழுக்கக் குழி. ஆனால் அந்த நேர்ச்சை இருந்ததால் அதெல்லாம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. மற்றப் பெண் பிள்ளைகள் என்ன ஆகப் போகிறோம் என்று தெரியாமல் பாண்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் கன்னியாஸ்திரி ஆகப் போகிறவள். பிழைத்ததற்குக் காரணம் அது என்று நம்பினேன்.

மதர் வெள்ளைக்காரி. புத்தகத்தில் படித்த தமிழ் பேசுவார். டாக்டர் எழுதிக் கொடுத்த தாளை இரண்டு முறை படித்தார். இருக்கிற கண்ணிலும் பார்வை குறைந்து வருகிறது, மடத்தின் வேலைக்கு உடம்பு தாங்காது என்று அதில் எழுதியிருந்தது.

"மகளே, ஆண்டவருடைய சித்தம் வேறாக இருக்கிறது" என்றார்.

அய்யா துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். "நேர்ச்சை இருக்கே, மதர். அதுக்கு என்ன பண்றது?"

"ஆண்டவருக்குத் தெரியும்."

"அவருக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியணும்ல?"

மதர் எங்களுக்குக் காப்பி கொடுக்கச் சொன்னார். அய்யா குடிக்கவில்லை. நான் அழுதுகொண்டே குடித்தேன். அது இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்த பிறகு என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. சோறு தின்னும்போதே எழுந்து போவேன். தோட்டத்துக்குப் போய்ப் பத்து நிமிஷம் களை எடுப்பேன், அதை விட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போவேன். ஜெபம் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நின்றுவிடும். "ஏ புள்ள, செத்த நேரம் ஒக்காரு" என்று அம்மா அதட்டுவாள். உட்கார்ந்தால் நெஞ்சுக்குள் ஒரே கேள்வி ஓடும். எதற்காக என்னைப் பிழைக்க வைத்தீர்? கோவிலில் பூசைக்கு நடுவில் எழுந்து வெளியே வந்துவிடுவேன். பங்குச் சாமியார் ஒருநாள் கேட்டார், "உனக்கு என்னம்மா, கால்ல வெந்நி ஊத்துனாப்ல?"

அடுத்த ஆண்டு தங்கையைப் பெண் பார்க்க வந்தார்கள். அன்று காலையில் அம்மா என்னிடம் வந்து பூக்கூடையை நீட்டினாள். "மல்லிப் பூ ஆயணும், நீ போயிட்டு மெதுவா வாயேன்" என்றாள். பூவெல்லாம் விடியற்காலையிலேயே பறித்தாகிவிட்டது. எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். நான் கூடையை வாங்கிக்கொண்டு போய் வெறும் செடிகளுக்கு நடுவே மத்தியானம் வரைக்கும் நடந்துகொண்டிருந்தேன். அம்மாமேல் எனக்குக் கோபமில்லை. கடவுள்மேல்தான் கோபம். கேட்டு வாங்கிக்கொள்ளவும் மாட்டார், விட்டுவிடவும் மாட்டார்.

தங்கை கல்யாணம் முடிந்ததும் திண்டுக்கல்லில் இருந்த அத்தை வீட்டுக்கு வந்துவிட்டேன். ஒரு சுருட்டுக் கம்பெனியில் புகையிலைக் காம்பு கிழிக்கும் வேலை. நாலு மாதம் இருந்தேன். பிறகு ஒரு விடுதியில் சமையல். சின்னப் பிள்ளைகள் என் கையால் சோறு வாங்கப் பயந்தார்கள், அதை விட்டேன். மறுபடியும் சுருட்டுக் கம்பெனி. சாயங்காலம் வேலை விட்டதும் வீட்டுக்குப் போக மாட்டேன். மலைக்கோட்டையைச் சுற்றி, பேகம்பூர் வழியாக, தோல் பதனிடும் ஷாப்புகளின் நாற்றத்தைத் தாண்டி, கால் வலிக்கும் வரைக்கும் நடப்பேன். எங்கே போகிறாய் என்று யாராவது கேட்டால் "வாரேன்" என்று மட்டும் சொல்வேன்.

அப்படி இருக்கையில் ஒரு கோடையில் ஊருக்குள் அம்மை பரவியது. தெருவுக்குத் தெரு வாசலில் வேப்பிலை செருகியிருந்தார்கள். வீட்டில் வைத்துப் பார்க்க ஆளில்லாதவர்களைக் கொண்டுபோய்ப் போட, நத்தம் ரோட்டில் ஊருக்கு வெளியே நகராட்சி ஒரு கொட்டகை போட்டிருந்தது. அங்கே வேலைக்கு வைத்த ஆட்கள் இரண்டே நாளில் ஓடிவிட்டார்கள்.

ஹெல்த் இன்ஸ்பெக்டர் ஒருவர் எங்கள் கம்பெனிக்கு வந்தார். வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டே வந்தவர் என் முன்னால் நின்றார். என் முகத்தைப் பார்க்கிறவர்கள் சட்டென்று வேறு பக்கம் பார்ப்பார்கள். இவர் பார்வையை எடுக்கவே இல்லை.

"உங்களுக்கு எந்த வயசுல போட்டுச்சு?"

"ஒம்பதுல."

"ஒரு தடவ போட்டவங்களுக்குத் திரும்ப வராதும்மா. கொட்டகைக்கு ஆள் வேணும். வாரீங்களா?"

எனக்கு ஆத்திரம் பொங்கியது. மடத்துக்கு ஆகாத முகம் இதற்கு ஆகிறதா என்று நினைத்தேன். ஆனாலும் மறுநாள் போனேன். இரக்கப்பட்டுப் போனேன் என்று பிற்பாடு பலர் சொன்னார்கள். அப்படியில்லை. காம்பு கிழித்துக்கொண்டு இன்னொரு நாள் உட்கார்ந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

கொட்டகையில் பதினோரு பேர் கிடந்தார்கள். அந்த நாற்றத்தை எழுதிக் காட்ட முடியாது. தண்ணீர் தூரத்துக் கிணற்றிலிருந்து சுமக்க வேண்டும். கஞ்சி காய்ச்ச வேண்டும், ஈ விரட்ட வேண்டும், புண் ஒட்டிய துணியை நனைத்து நனைத்து எடுக்க வேண்டும். நத்தத்துப் பக்கத்துப் பெண் ஒருத்தி, பத்தொன்பது வயது இருக்கும், கல்யாணம் நிச்சயமாகியிருந்தவள். மூன்றாம் நாள் அவளுக்குக் கஞ்சி கொடுக்கப் போனேன். என்னை உற்றுப் பார்த்தாள்.

"அக்கா, நானும் உங்கள மாதிரி ஆயிருவேனா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "ஆகலாம்" என்றேன்.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கஞ்சியைத் தொடவில்லை. நான் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்து ரோட்டில் நடக்க ஆரம்பித்தேன். திரும்பி வரக் கூடாது என்றுதான் நடந்தேன். டவுன் எல்லை வரைக்கும் போய்விட்டேன். அங்கே போன பிறகுதான் அடுப்பில் உலை வைத்தது ஞாபகம் வந்தது. மற்றப் பத்துப் பேருக்கும் அதுதான் மத்தியானச் சாப்பாடு. திட்டிக்கொண்டே திரும்பினேன். யாரைத் திட்டினேன் என்று கேட்டால், ஆண்டவரைத்தான்.

அவள் அப்படியே படுத்திருந்தாள். "உங்களுக்குக் கஷ்டமா இல்லையாக்கா?" என்று சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"இருக்கு. தெனமும் இருக்கு."

"அப்பறம் எப்பிடி இருக்கீங்க?"

"தெரியலை தாயி. காலைல எந்திரிக்கிறேன். பசிக்குது. திங்கிறேன்."

அவள் திரும்பிக் கையை நீட்டினாள். கிண்ணத்தைக் கொடுத்தேன். பாதி குடித்தாள். ஜெபத்தில் எனக்குக் கிடைக்காத ஏதோ ஒன்று அந்தப் பாதிக் கிண்ணத்தில் கிடைத்தது. என்ன என்று அன்று யோசிக்கவில்லை. தண்ணீர் எடுக்கப் போய்விட்டேன்.

அந்தக் கோடையில் பதினோரு பேரில் நாலு பேர் இறந்தார்கள். அவள் பிழைத்து ஊருக்குப் போனாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் கொட்டகைக்கு நோயாளிகள் வந்தார்கள். எனக்கு நகராட்சியில் ஆயா வேலை என்று எழுதிக் கொடுத்தார்கள். இது தற்காலிகம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். கடவுள் கூப்பிடும் வரைக்கும் இங்கே இருப்போம், கூப்பிட்டதும் போய்விடுவோம் என்று.

கூப்பிடவும் செய்தார். நாலாவது வருஷம், என் கொட்டகை வேலையைக் கேள்விப்பட்டு, சாமியார் மூலமாக மதர் சொல்லி அனுப்பினார். மடத்து நோயாளி அறையில் எனக்கு இடம் தருவதாகவும், கண்ணைப் பற்றி இனிக் கேட்கப் போவதில்லை என்றும். அய்யா அதைக் கேட்டுத் தோட்டத்திலிருந்து அப்படியே, சேறு காய்ந்த காலோடு, கொட்டகைக்கு வந்துவிட்டார். உள்ளே வரவில்லை. தூரத்தில் நின்று கூப்பிட்டார்.

"கெளம்பு தாயி. ஒங்கம்மா நேந்தது நிறைவேறப் போகுது."

"ரெண்டு நாள் பொறுங்க அய்யா."

அந்த இரண்டு நாளும் கொட்டகையைச் சுற்றி நடந்துகொண்டே இருந்தேன். பதினெட்டு வயதில் இதற்காக எப்படி அழுதேன் என்று எனக்குத் தெரியும். கொட்டகையில் அப்போது ஐந்து பேர். பேகம்பூரிலிருந்து வந்த ஒரு அம்மாவுக்குக் கண் திறக்க முடியாமல் இருந்தது. என் வளையல் சத்தம் கேட்டால்தான் வாயைத் திறப்பார். நான் மடத்துக்குப் போய் மதர் முன்னால் நின்றேன்.

"வரலை மதர்."

"ஏன்? இதற்காகத்தானே நீ கண்ணீர் விட்டாய்?"

"ஆமா. இப்பவும் ஆசை இருக்கு. ஆனா அங்க அஞ்சு பேர் கெடக்காங்க. வேற ஆள் உள்ள வர மாட்டேங்குறாங்க."

மதர் ஏதாவது வேதவசனம் சொல்வார் என்று நினைத்தேன். "அப்படியானால் ஏன் இங்கே நிற்கிறாய்? போ" என்றார்.

அய்யா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். கிறிஸ்துமஸ் வரைக்கும் பேசவில்லை. நேர்ச்சையை முறித்துவிட்டேன் என்று ஊரில் சொல்லித் திரிந்தார். நான் முறிக்கவில்லை என்று எனக்குத் தோன்றியது. ஆனால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. மடத்துக் கதவை விட்டு வெளியே வந்தபோது எனக்குச் சமாதானமும் கிடைக்கவில்லை. பயமாகத்தான் இருந்தது. ஒன்று மட்டும் மாறியிருந்தது. எதற்காக என்று கேட்பதை அந்த வருஷத்தில் எப்போதோ விட்டிருந்தேன். விட்டதைக்கூட வெகு நாள் கழித்துத்தான் கவனித்தேன்.

அறுபதுகளில் ஊர் ஊராக அம்மை குத்த ஆரம்பித்தார்கள். தோளில் ஊசியை வைத்துத் திருகினால் ஜனங்கள் பயந்தார்கள். ஆத்தா கோபித்துக்கொள்வாள் என்று கதவைச் சாத்தினார்கள். இன்ஸ்பெக்டர் என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். "நீங்க ஒண்ணும் பேச வேணாம்மா. சும்மா நில்லுங்க, போதும்" என்றார். எதற்கு என்று எனக்குப் புரிந்தது. முதல் வாரம் முழுக்க அந்த மனுஷனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில், இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி கதவை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஊசி வேண்டாம் என்று ஒரே பிடிவாதம். நான் பக்கத்தில் போனேன். என் முகத்தை அணு அணுவாகப் பார்த்தாள்.

"ஆத்தா ஒங்க மேல இம்புட்டு எறங்கியிருக்காளே. நீங்களா குத்தச் சொல்றீக?"

"ஆமா."

"வலிக்குமா?"

"எனக்கு வலிச்சதுல நூத்துல ஒரு பங்கு வலிக்கும். புள்ளைய இறுக்கிப் பிடிச்சுக்க."

பிள்ளையின் கையை அவளே நீட்டினாள்.

இந்த வேலைக்காகத்தான் கடவுள் என் கண்ணை எடுத்தார் என்று சாமியார் ஒருமுறை பிரசங்கத்தில் சொல்லிவிட்டார். பூசை முடிந்ததும் அவரிடம் போய்ச் சண்டை போட்டேன். ஒன்பது வயதுப் பிள்ளையின் கண்ணைப் பறிக்கிறவரை என்னால் கும்பிட முடியாது. அம்மை எடுத்தது. அது போக மிச்சம் இருந்ததை அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் ஒப்புக்கொண்டது அந்த மட்டுக்கும்தான். சாமியார் கேட்டுக்கொண்டார், பிறகு அப்படிச் சொல்லவில்லை.

பின்னால் கொட்டகைக்கு நோயாளிகள் வருவது குறைந்தது. ஒரு வருஷம் யாருமே வரவில்லை. நகராட்சிக்காரர்கள் கீற்றைப் பிரித்து எடுத்துக்கொண்டு போனார்கள். என்னைப் பிரசவ ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். அங்கே பிறந்த பிள்ளைகளை முதலில் வாங்கித் துடைப்பது என் வேலை. அவை என் முகத்தைப் பார்த்துப் பயப்படவில்லை. ஒரு இடத்தில் உட்கார முடியாத வியாதி மட்டும் என்னை விட்டுப் போகவே இல்லை. அந்த ஆஸ்பத்திரியில் அது யாருக்கும் குறையாகத் தெரியவில்லை.