ஒரே மழைக்கோட்டு

வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கும் அந்த மனிதருக்கு எல்லாரும் வைத்த பெயர் ரேடியோ. ஏணியில் நின்றாலும் சரி, பைக்கில் போனாலும் சரி, வாய் ஓயாது. தினமும் மனைவியைத் தையல் கம்பெனியில் இறக்கிவிட்டுத்தான் வேலைக்குப் போவார். மழை பெய்தால் இருவருக்கும் ஒரே மழைக்கோட்டு. "எனக்குத் தனியா எதுக்கு? உங்க கோட்டுக்குள்ள ஒரு குடும்பமே நடத்தலாம்" என்று அவள் பின்பக்கத்தைத் தூக்கித் தலையை உள்ளே விட்டுக்கொள்வாள். உள்ளேயிருந்து பேசினால் அவருக்குக் கேட்காது. அதனால் ஆமாம் என்றால் இடுப்பில் ஒரு குத்து, இல்லை என்றால் இரண்டு.

போன மழைக்காலத்தில் ஒருநாள், வீட்டுக்காரர் ஒருவர் ஹாலுக்குக் கலர் மாற்றிக்கொண்டே இருந்த கதையை மழையையும் தாண்டிக் கத்திச் சொல்லிக்கொண்டு போனார். வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்டது. கொஞ்ச தூரம் போய், "நான் சொல்றது சரிதானே?" என்றார். குத்து விழவில்லை. கோபித்துக்கொண்டாள் என்று நினைத்தார், பாவி மனுஷன். "சரி, நேத்து உன் சமையலைக் குறை சொன்னது தப்புதான்" என்று கம்பெனி வாசல் வரை சமாதானம் பேசிக்கொண்டே போனார். அங்கே காவலாளி கேட்டார், "என்னண்ணே, அக்கா இன்னிக்கு வரலியா?"

இடுப்பெலும்பு முறிந்து, தகடு வைத்து, அவள் எழுந்து நடப்பதற்குள் அடுத்த மழைக்காலம் வந்துவிட்டது. அவர் வாய் அன்றோடு அடைத்துப்போனது. "ரேடியோ ரிப்பேரா?" என்று கூட வேலை செய்கிறவர்கள் கிண்டல் செய்தார்கள். பிறகு கிண்டல் செய்யவும் அவர்களுக்கு மனசு வரவில்லை.

அவள் மறுபடி வேலைக்குக் கிளம்பிய காலையிலும் மழை. அவர் ஆட்டோவை வரச்சொல்லியிருந்தார். அவள் அதைத் திருப்பி அனுப்பிவிட்டு, பைக்கில் மெல்ல ஏறி, கோட்டைத் தூக்கித் தலையை விட்டுக்கொண்டாள். அவர் ஒரு வார்த்தை பேசாமல் ஓட்டினார். அந்த வேகத்தடை வந்ததும் காலை ஊன்றி நின்றேவிட்டார்.

அவள் தலையை வெளியே நீட்டினாள். "ஏங்க, இப்படி ஊமையா ஓட்டினாத்தான் எனக்குப் பயமா இருக்கு."

"பேசித்தானே உன்னைத் தவறவிட்டேன்."

"அன்னிக்கு இங்க கிடந்தப்ப நீங்க பேசிக்கிட்டே போறது கேட்டுச்சு. அப்புறம் கேக்கல. அந்தக் குரல் எப்படியும் திரும்பி வரும்னுதான் கண்ணை மூடாம கிடந்தேன். நீங்க வந்துட்டீங்க. குரல்தான் இன்னும் வரலைங்க."

பின்னால் ஒரு வேன்காரர் ஹாரன் அடித்துத் திட்டினார். அவள் கோட்டுக்குள் போய்விட்டாள்.

அவர் வேகத்தடையை மெல்ல ஏறி இறங்கினார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அன்னிக்குச் சொன்னேனே, அந்த வீட்டுக்காரர்... கடைசியில முதல்ல இருந்த கலரையே அடிக்கச் சொல்லிட்டாரு. கேக்குதா?" என்று கத்தினார்.

இடுப்பில் ஒரு குத்து விழுந்தது.