சித்தப்பா பிடித்த மைக்

ஸ்பீச் பத்தோலஜி என்ற பேச்சுச் சிகிச்சை மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது, ஏன் இந்தத் துறைக்கு வர விரும்புகிறாய் என்று ஒரு பக்கத்துக்குள் எழுதச் சொல்வார்கள். நான் எழுதிய முதல் வரி: என் சித்தப்பாவின் வாயை அடைக்க. ஆசை தீர ஒருதரம் வாசித்துவிட்டு அழித்தேன். மற்றவர்களுக்கு உதவுவதில் சிறுவயதிலிருந்தே எனக்கு ஆர்வம் என்று எழுதி அனுப்பினேன். சுத்தப் பொய்.

அப்பாவுக்குத் திக்குவாய். வீட்டில் எங்களோடு கதைக்கும்போது அவ்வளவாகத் தெரியாது. நாலு பேருக்கு முன்னால் என்றால் முதல் எழுத்திலேயே நின்றுவிடுவார். தாடை இறுகும், கண் மூடிக்கொள்ளும். அவரோடு கூடப்பிறந்த தம்பிதான் சித்தப்பா. அவர் அப்பாவுக்கு நேர்மாறு. நாங்கள் குடியேறிய ஸ்காபரோவில் கலியாணமோ பிறந்தநாளோ, மைக் அவர் கையில்தான். படமெடுக்க ஒவ்வொரு குடும்பமாக மேடைக்குக் கூப்பிடுவார், கூப்பிடும்போதே அவர்களை வைத்து ஒரு பகிடி விடுவார். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

நான் வயதுக்கு வந்தபோது செய்த சாமத்தியச் சடங்கும் அப்படி ஒரு விழா ஹோலில்தான் நடந்தது. கடைசியில் பெண்ணின் தகப்பன் நன்றியுரை சொல்லவேண்டும் என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். அதற்காக அப்பா நாள்கணக்காகக் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு பழகினார். மேடையில் "வந்திருக்கும்" என்ற முதல் சொல்லே வரவில்லை. "வ... வ..." என்று நின்றார். சித்தப்பா மைக்கைப் பறித்தார்.

"வ-வ-வண்டி ஸ்ரார்ட் ஆகேல்லை! அண்ணை முடிக்கிறதுக்குள்ள பிரியாணி ஆறிப்போடும். நானே சொல்லிவிடுறன்."

ஹோல் முழுக்கச் சிரித்தது. அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. தலை நிறையப் பூவும் கழுத்து நிறைய நகையுமாக, எழும்பி ஓடவும் வழியில்லாமல், பல்லைக் கடித்துக்கொண்டு அந்த அலங்காரக் கதிரையில் இருந்தேன். அன்றைக்குப் பிறகு எங்கள் வீட்டு நன்றியுரையெல்லாம் சித்தப்பாவுக்கே என்று ஆகிவிட்டது. அப்பாவை ஒருவரும் கேட்பதுகூட இல்லை.

நான் படித்தது எக்கவுண்டிங். அம்மாவின் விருப்பம். மார்க்கம் நகரில் ஒரு கந்தோரில் வேலையும் கிடைத்தது. ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் திக்குவாயைப் பற்றி இணையத்தில் தேடினேன். அப்போதுதான் இதற்கென்றே ஒரு படிப்பு இருப்பது தெரிந்தது. படிப்பு இருந்தது, என்னிடம்தான் ஒன்றும் இருக்கவில்லை. மொழியியல் வேண்டும், உடற்கூற்றியல் வேண்டும், பிள்ளை வளர்ச்சி வேண்டும் என்றார்கள். நான் படித்த வரவு செலவு ஒன்றும் அங்கே செல்லாது. அந்தப் பாடங்களை இணைய வகுப்பில் ஒவ்வொன்றாக எடுத்தேன். வேலை முடிந்து மல்வேர்னில் இருந்த வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் தொண்டைக் குருத்தெலும்புகளின் பெயர்களைப் பாடமாக்கினேன். சலிக்கும்போதெல்லாம் சித்தப்பாவின் முகத்தை நினைத்துக்கொள்வேன், மூளை உடனே விழித்துவிடும்.

முடிவு வரும்வரை விண்ணப்பித்ததைப் பற்றி மூச்சே விடாமல் இருப்பது எங்கள் சனத்தின் பழக்கம். கண்ணூறு பட்டுவிடுமாம். அம்மாவின் வாய் சும்மா இருக்குமா? சித்தப்பாவின் மனைவி சின்னம்மாவிடம் போனில் சொல்லிவிட்டா. அந்த முறை எனக்கு இடம் கிடைக்கவில்லை. அடுத்து வந்த ஒரு பிறந்தநாளில் எங்கள் குடும்பத்தை மேடைக்குக் கூப்பிட்டபோது சித்தப்பா மைக்கில் சொன்னார்:

"கணக்குப் படிச்ச பிள்ளை இப்ப கதைக்கப் பழக்கப் போறாவாம். யூனிவேர்சிற்றிக்காரர் வேண்டாமெண்டிட்டாங்களாம். தேப்பனைக் கண்டு பயந்திட்டாங்கள் போல!"

இரும் சித்தப்பா, உமக்கு இருக்கு என்று நினைத்துக்கொண்டே படத்துக்குச் சிரித்தேன்.

அதற்குப் பிறகுதான் திக்குவாய் உள்ள பெரியவர்கள் கூடும் ஒரு குழுவில் தொண்டு வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே ஒரே சட்டம். ஒருவர் சொல்லில் சிக்கி நின்றால் மற்றவர் எடுத்துக் கொடுக்கக்கூடாது. எவ்வளவு நேரம் ஆனாலும் சொல் அவருடையது. முதல் நாள் எனக்கே நாக்குத் துருதுருத்தது. ஒருமுறை அப்பாவையும் இழுத்துக்கொண்டு போனேன். "எனக்கு எ-எதுக்கு உது?" என்று முணுமுணுத்தவர், பிறகு நான் போகாத நாளிலும் தானாகவே போனார்.

இரண்டாம் முறை நேர்முகத்தில், கணக்கை விட்டு ஏன் இங்கே வந்தாய் என்று கேட்டார்கள். எனக்குப் பொய் அலுத்துவிட்டது. ஹோலையும் மைக்கையும் பிரியாணியையும் சொன்னேன். இடையில் என் குரல் உடைந்து நின்றபோது ஒருவரும் எடுத்துக் கொடுக்கவில்லை, பார்த்துக்கொண்டு இருந்தார்கள். இடம் கிடைத்தது.

அந்தக் கோடையில் தங்கச்சியின் கலியாணம். பகல் முகூர்த்தம். சாப்பாட்டுக்கு முன் சித்தப்பா மைக்கோடு மேடையில் நின்றார்.

"மூத்த பிள்ளைக்கு இடம் கிடைச்சிட்டுது. இனி அண்ணையைத் திருத்திப்போடுவா! அதுவரைக்கும் நன்றியுரை, வழமைபோல..."

நான் சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு விறுவிறென்று மேடைக்கு ஏறினேன்.

"சித்தப்பா, நன்றியுரை அப்பா சொல்லுவார். மைக்கைத் தாங்கோ."

"பிள்ளை, சனத்துக்குப் பசிக்குது."

"பசிக்கிறவை போய்ச் சாப்பிடட்டும்."

எல்லாம் மைக்கில் கேட்டது. நான் கையை நீட்டினேன். அதற்குள் அப்பா ஏறி வந்து என் கையை மெல்ல விலக்கினார். இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே கூப்பினார்.

"நான் கு-கு-கும்பிட்டுக்கொண்டு சொல்லோணும்," என்றார் தம்பியைப் பார்த்து. "நீ பிடி."

சித்தப்பா பிடித்தார். ஹோல் நிறைந்த சனத்துக்கு முன்னால் வேறு என்ன செய்வார்?

அப்பா ஐயரில் தொடங்கினார். மேளக்காரர், சம்பந்தி வீட்டார், சமையல்காரர், மாலை கட்டியவர் என்று ஒவ்வொருவராக வந்தார். யாரோ பின்னால் சிரிக்கத் தொடங்கி, துணைக்கு ஆள் கிடைக்காமல் நிறுத்திக்கொண்டார்கள். தூரத்து ஊரிலிருந்து வந்த சொந்தக்காரரிடம் வந்து "மொ... மொ..." என்று அப்பா நின்றபோது சித்தப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "மொன்றியல்" என்று எடுத்துக் கொடுத்தார். அப்பா நிறுத்தினார். கூப்பிய கையோடு தம்பியை ஆற அமரப் பார்த்தார். பிறகு ஐயரிலிருந்து திரும்பத் தொடங்கினார்.

நான் அப்பாவைப் பார்க்கவில்லை, சித்தப்பாவைத்தான் பார்த்தேன். நெற்றியில் வேர்வை. வலக்கை சோர்ந்து இடக்கைக்கு மாற்றினார், பிறகு திரும்ப வலக்கைக்கு. வாயைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றார். அந்தச் சடங்கு நாளிலிருந்து நான் காத்திருந்தது இதற்குத்தான். எனக்குத் துளி இரக்கமும் வரவில்லை, இன்றைக்கும் இல்லை.

எல்லாம் முடிந்து வெயிலில் காரை நோக்கி நடந்தோம். அப்பா சால்வையால் முகத்தைத் துடைத்தார். இவ்வளவு காலமும் இந்த மனிதர் தம்பியை மன்னித்துவிட்டார் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"நல்லாக் கதைச்சியள் அப்பா," என்றேன்.

"கார் பார்க்கிங் பெ-பெடியங்களை மறந்துபோனன்," என்றார். கார்க் கதவைத் திறந்தபடி கொஞ்சம் யோசித்தார். "அவன்ர கை இன்னும் கொஞ்ச நேரம் தா-தாங்கியிருக்கும்."