தொட்டியில் பெருங்காய வாசனை

பங்குனி பிறந்த வாரம் அது. எங்கள் தெருவில் பிளம் மரங்கள் பூத்து உதிர்ந்து, கார்களின் மேலெல்லாம் இளஞ்சிவப்பாகக் கிடந்தது. பக்கத்து வீட்டு அமெரிக்க அம்மையார் முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் போவதற்கு முந்தின சனிக்கிழமை, வேலிக்கு மேலாக ஒரு பிளாஸ்டிக் தட்டை என்னிடம் நீட்டினார். தட்டில் நான்கு நாற்றுகள். ஒவ்வொன்றும் ஈரப்பஞ்சு போன்ற ஒரு கட்டியில் நின்றது. கட்டியின் பக்கவாட்டில் வெள்ளை நூலாக வேர் எட்டிப் பார்த்தது. மேலே கண்ணாடி போல ஒரு மூடி. அதன் உட்புறம் முழுக்க நீர்த்துளிகள்.

கஞ்சாச் செடி என்று அவரே சொன்னார். கலிஃபோர்னியாவில் வயது வந்தவர்கள் வீட்டில் ஆறு செடிகள் வரை வளர்க்கலாம். அது எனக்கும் தெரியும். ஆனாலும் கையில் வாங்கும்போது தெருவை ஒருமுறை திரும்பிப் பார்த்தேன்.

அவர் கணவர் அந்த வீட்டை வாங்கிய புதிதில் போட்ட விதையாம். கணவர் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. விதையிலிருந்து வந்த செடியும் எப்போதோ போய்விட்டது. ஆனால் ஒவ்வொரு குளிர்காலத்திலும் நுனியை வெட்டி வேர் பிடிக்க வைத்து, அதிலிருந்து மறுபடி நுனி வெட்டி, இப்படியே தொடர்ந்து வந்திருக்கிறார்கள். இங்கே இதைக் குளோன் என்கிறார்கள். இந்தக் குளிரில் தாய்ச்செடிக்குப் பூச்சி விழுந்து அது செத்துவிட்டது. மிச்சம் இந்த நான்குதான். மகள் இருப்பது டெக்சஸில். அங்கே இது சட்டவிரோதம், கொண்டுபோக முடியாது.

"நான் குனியவே முடியாத இந்தக் கொஞ்ச நாளைக்கு அவனைப் பார்த்துக்கொள்" என்றார். பெண் செடிகளைத்தான் வளர்ப்பார்களாம். இருந்தாலும் அவர் நான்கையும் சேர்த்து 'அவன்' என்று ஒருமையில்தான் சொன்னார்.

எனக்கு உடனே எழுந்த கேள்வி வேறு. எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் தேதி ஒட்டாத பாத்திரம் கிடையாது. தோசை மாவு, புளிக்காய்ச்சல், எலுமிச்சை ஊறுகாய் எல்லாவற்றிலும் வெள்ளை டேப்பில் நாள் எழுதி ஒட்டிவிடுவேன். இந்தச் செடிக்கு என்ன தேதி எழுதுவது? நுனியை வெட்டிய நாளா, வேர் விட்ட நாளா, அந்த முதல் விதை முளைத்த நாளா? வெட்டி வெட்டி நட்டாலும் இது அதே செடிதான் என்றால், இந்த விரலளவு நாற்றுக்கு, கல்லூரி விடுதியில் இருக்கும் என் மகளைவிட வயது அதிகம். அவற்றுக்காக வாங்கிய நான்கு தொட்டிகளிலும் டேப்பை மட்டும் ஒட்டி, எழுதாமல் விட்டேன்.

கராஜில் துவைக்கும் இயந்திரத்துக்கும் அரிசி மூட்டைகளுக்கும் நடுவே ஒரு மேசை போட்டு, மேலே விளக்கு தொங்கவிட்டு, செடிகளை மண்ணுக்கு மாற்றினேன். என் மனைவி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா கிட்ட என்னன்னு சொல்லப் போற?"

அவள் அம்மா பொள்ளாச்சியிலிருந்து விசிட்டர் விசாவில் வந்திருந்தார்.

"செடின்னு சொல்றேன்."

"லூசா நீ? நாம சிடிஸன்ஷிப் வாங்கியாச்சு, சரி. ஆனா ஃபெடரல் சட்டத்துல இது இன்னும் குத்தம்தான். அம்மா விசா எக்ஸ்டெண்ட் பண்ணணும், ஞாபகம் இருக்கட்டும். நானே ஏதாவது ஹெர்ப்னு சொல்லிக்கறேன்."

அம்மா முன்னால் நான் 'நீங்க' ஆகிவிடுவேன். கராஜில் மட்டும்தான் அந்த மாதங்களில் நான் 'நீ'.

மறுநாளே நான்கும் தலை தொங்கிவிட்டன. இலைகள் ஈரத்துணி போல் காம்போடு ஒட்டிக் கிடந்தன. தண்ணீர் போதவில்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள். மண் ஈரமாகவே இருந்தது. இணையத்தில் தேடிப் படிக்கப் படிக்க சுவாரசியமாக இருந்தது. மூடிக்குள் இருந்தவரை அந்த இலைகளைச் சுற்றி இருந்த காற்றே ஈரம். இலையிலிருந்து நீர் வெளியே போகவே இல்லை. அதனால் வேர் பெரிதாக உழைக்கவும் தேவையில்லை. திடீரென்று ஹீட்டர் காற்று அடிக்கும் கராஜில் கொண்டுவந்து நிறுத்தினால், இலை கேட்கும் நீரை அந்த நூல்வேரால் ஏற்றித் தர முடியாது. ஊரிலிருந்து வந்து இறங்கியவுடன் நமக்கு உதடு வெடிக்குமே, அதுபோல.

காலி சோடா பாட்டில்களைப் பாதியாக வெட்டி ஒவ்வொன்றையும் மூடினேன். தினமும் சிறிது நேரம் திறந்து வைத்து, அந்த நேரத்தை மெல்லக் கூட்டினேன். விளக்கை உயர்த்தினேன். அந்த வாரக் கடைசியில் நான்கும் நிமிர்ந்து நின்றன. அம்மையாருக்குப் படம் அனுப்பினேன். மருத்துவமனையிலிருந்து ஒரே வரி பதில் வந்தது: "அவன் பிடிவாதக்காரன்."

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அடுத்து வந்ததுதான் புரியவில்லை. முதலில் இலை நுனிகள் பழுப்பாகின. பிறகு விளிம்புகள் சுருண்டு, பறவை நகம் போல் கீழே வளைந்தன. செடி வாடியது, ஆனால் மண் ஈரம். மண்ணின் மேல் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. வளர்ப்பவர்கள் கூடும் ஒரு இணையக் குழுவில் படம் போட்டுக் கேட்டேன். மண்ணில் உரம் அதிகம் என்றார் ஒருவர். தொட்டி பெரிது என்றார் இன்னொருவர். குழாய் நீரில் குளோரின், இரவெல்லாம் திறந்து வைத்து ஊற்று என்றார் மற்றொருவர். பதில் போட்டவர்களில் பாதிப் பேர் சொன்னது, நீ தண்ணீர் அதிகம் ஊற்றுகிறாய் என்று.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது காரணம் என்று தெரியாமல் போகும். அதனால் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். கடைசியாக, தண்ணீர் ஊற்றுவதையே நிறுத்தினேன். தொட்டியைக் கையில் தூக்கி எடை பார்ப்பது ஒரு வழி, காய்ந்தால் லேசாகிவிடும். என் தொட்டிகள் லேசாகவில்லை. நிறுத்திய பிறகும் கனமாகவே இருந்தன. அதற்குள் இரண்டு செடிகள் போய்விட்டன.

"நீ ஊத்துறியா?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"எனக்கு அத பாத்தாலே பயம். நான் எதுக்கு ஊத்தப் போறேன்?"

அம்மையார் அன்று கேட்டிருந்தார், அவன் எப்படி இருக்கிறான் என்று. என்ன எழுதுவது என்று தெரியாமல் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, செத்த செடியின் தொட்டியை எடுத்து மண்ணைக் கிளறி முகர்ந்தேன். வேர் அழுகினால் ஒரு நாற்றம் வரும் என்று படித்திருந்தேன். நாற்றம் வந்தது. ஆனால் அது அழுகல் இல்லை. பெருங்காயம். இன்னும் கிளறியபோது அரை கருவேப்பிலை கிடைத்தது.

மதியச் சாப்பாட்டின்போது கேட்டேன். "அத்தை, கராஜுல இருக்கற செடிக்கு மோர் ஏதாவது ஊத்துனீங்களா?"

"ஊத்துனனுங்."

எனக்கு நிம்மதியாகிவிட்டது. அமெரிக்காவில் கருவேப்பிலைச் செடி வைத்திருக்கும் எந்தத் தமிழ் வீட்டிலும் அதற்குப் புளித்த மோர் ஊற்றாதவர்கள் இல்லை. "கருவேப்பிலைக்கு ஊத்தற மாதிரி இதுக்கும் ஊத்திட்டீங்க, அப்படித்தானே?"

அத்தை ரசம் சாதம் பிசைவதை நிறுத்தினார். "கருவேப்பிலைக்கு உப்புப் போட்ட மோர ஆராச்சும் ஊத்துவாங்களா மாப்ள?"

மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன செடின்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களாக்கும். டி.வி.ல போலீசுக்காரங்க மேசை மேல பரப்பி வெச்சுப்போட்டு, பொறத்தால வரிசையா நிக்கறாங்கல்லங். நாம்பாக்காததா?"

"அம்மா! அது ஹெர்ப்னு சொன்னேன்ல?"

"நீ சொன்ன கண்ணு. சொல்லும்போது மொகத்தப் பாத்தனே." பிறகு என்னைப் பார்க்காமல், மோர்க் கிண்ணத்தைப் பார்த்தபடி சொன்னார்: "காத்தால எந்திரிச்சதும் கராஜு. ஆபீசு முடிஞ்சதும் கராஜு. போனப் பாத்துக்கிட்டே நின்னு செடிய மோந்து மோந்து பாக்கறீங்க. மாவுக்கெல்லாம் ஜாதகம் எழுதி வெக்கற மனுசன், இதுல மட்டும் ஒண்ணும் எழுதாம ஒட்டி வெச்சிருக்கீங்க. நான் என்னன்னு நெனைக்கறது? மாப்ளகிட்ட நேராக் கேக்கற வழக்கமெல்லாம் நம்ம பக்கம் இல்லீங். செடி தானாச் செத்துப்போச்சுன்னா ஆருக்கும் மனக்கஷ்டமில்ல பாருங்க. கல்லுப்பு ரண்டு கை கூடவே போட்டேன்."

என் மனைவி சிரிக்கத் தொடங்கினாள். எழுந்து சமையலறைக்குப் போய் அங்கே நின்றும் சிரித்தாள். "அய்யோ அம்மா, இவருக்குக் காபி ஸ்ட்ராங்கா குடிச்சாலே படபடன்னு வரும்மா!" என்று அங்கிருந்து கத்தினாள்.

நான் அம்மையாரைப் பற்றிச் சொன்னேன். கணவர் போட்ட விதை, வருடாவருடம் வெட்டிய நுனி, டெக்சஸ் மகள் எல்லாவற்றையும். அத்தை கேட்டபடி சன்னல் வழியே வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனங் மிச்சம்?" என்றார் கடைசியில்.

"ரெண்டு."

"ரண்டும் போச்சுன்னா?"

"அவ்வளவுதான் அத்தை. வேற எங்கயும் இல்ல."

தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார். "அந்தம்மா வீட்டுக்காரர் வெச்ச செடிங்களா" என்று மட்டும் சொன்னார்.

அன்று மதியம் ஆபீசுக்கு லீவு சொன்னேன். உப்புதான் என்று தெரிந்ததும் எல்லாம் பொருந்தியது. மண்ணில் உப்பு ஏறிவிட்டால் தண்ணீர் இருந்தும் வேரால் குடிக்க முடியாது. ஈர மண்ணில் செடி வாடியது அதனால்தான். உரமும் ஒருவகை உப்புதான் என்பதால், உரம் அதிகம் என்று சொன்னவர் ஏறக்குறையச் சரியாகத்தான் சொல்லியிருந்தார். அவருக்கு நீர்மோர் தெரிந்திருக்க நியாயமில்லை.

இரண்டு செடிகளையும் மண்ணோடு கவிழ்த்து, வேரை வெதுவெதுப்பான நீரில் ஆட்டிக் கழுவினோம். அத்தைதான் சொம்பில் ஊற்றினார். ஒன்றின் வேர் தேயிலை நிறத்தில் கையோடு வந்தது. மற்றொன்றின் அடியில் இரண்டு மூன்று வெள்ளை நுனிகள் இருந்தன. அதை உரமில்லாத புது மண்ணில் நட்டு மறுபடி பாட்டில் மூடினேன். அதுவும் பிழைக்காவிட்டால் என்ன செய்வது என்று யோசித்து, அதன் ஒரே பச்சைக் கிளை நுனியை வெட்டி, தண்ணீர் ஊற்றிய டம்ளரில் வைத்து, அதிலும் ஒரு வெற்று டேப்பை ஒட்டினேன். ஏற்கெனவே நொந்த செடியில் வெட்டுவது சரியா என்று கை தயங்கியது. இரண்டாகப் பிரித்தால் வாய்ப்பும் இரண்டு என்று செய்தேன்.

அதன் பிறகு காலையில் எனக்கு முன்னால் கராஜில் நின்றவர் அத்தைதான். "வேர் உட்டுருச்சுங்களா?" என்று கேட்பார். டம்ளரை விளக்கில் தூக்கிக் காட்டுவேன். "உடும் உடும்" என்று அவரே சொல்லிக்கொண்டு போவார். தொட்டியை அவர் தொடவே இல்லை.

சித்திரை பிறந்து தெருவில் ரோஜாக்கள் வந்தபோது அம்மையார் வாக்கரைத் தள்ளிக்கொண்டு எங்கள் கராஜுக்குள் வந்தார். நான் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். மேசையில் ஒரு தொட்டி. அதில் கருகிய பழைய இலைகளுக்கு மேல் நேராக ஒரு புதுத் துளிர். பக்கத்தில் ஒரு டம்ளர். அதில் அரிசி முனை அளவுக்கு வேர். அவர் துளிரை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். மூன்று போனதைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.

"மோர் என்றால் என்ன?" என்றார்.

அத்தைக்கு அந்த ஒரு சொல் புரிந்துவிட்டது. உள்ளே போய் ஒரு டம்ளர் நீர்மோர் கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினார். "சாரி" என்றார், ஆங்கிலத்தில். அம்மையார் வாக்கரைப் பிடித்தபடி குடித்தார். பாதியில் நிறுத்தி, இன்னொரு வாய் குடித்தார்.

"நன்றாகத்தான் இருக்கிறது. அவனுக்கு ஏன் ஒத்துக்கொள்ளவில்லை?"

"என்னங் சொல்றாங்க?" என்றார் அத்தை. சொன்னேன். அத்தை சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை.

நுனி வைத்திருந்த டம்ளரின் வெற்று டேப்பைக் காட்டி, என்ன தேதி எழுதலாம் என்று அம்மையாரிடம் கேட்டேன். வந்த நாளிலிருந்து அந்தக் கேள்வியை வைத்திருந்தேன். அவர் பேனாவை வாங்கிக்கொண்டார். அந்த வீட்டை வாங்கியது எந்த வருடம் என்று யோசித்தார். விதை போட்டது சமையலறை மாற்றுவதற்கு முன்னாலா பின்னாலா? மகளுக்கு அப்போது பல் விழுந்திருந்தது. ஆனால் எந்தப் பல்? விரல் விட்டுப் பின்னோக்கி எண்ணி, பாதியில் குழம்பி, தலையாட்டினார்.

"வீட்டில் படங்கள் இருக்கின்றன. என் கணவர் தொட்டியோடு நிற்கிற படம் ஒன்று உண்டு. நாளைக்கு வருகிறாயா, தேடிப் பார்க்கலாம்?"

பேனாவை என்னிடம் திருப்பித் தந்தார். டேப்பை அப்படியே விட்டேன். அத்தை காலி மோர் டம்ளரை வாங்கிக்கொண்டு என்னிடம், "இன்னொண்ணு வேணுமான்னு கேளுங் மாப்ள" என்றார்.