வெட்டிய பிறகு வந்த விடை

மரம் விழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அக்கரப்பத்தனைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில், எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் அத்தை வளர்த்த பட்டர் புரூட் மரம் அது. பிஞ்சோடு நின்ற மரத்தைத் தோட்டத்து ஆட்களைக் கொண்டே வெட்ட வைத்தார் தோட்டத்தை நடத்திய துரை. லயத்து மரம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. தோட்டத்து நாற்றங்காலான தவறணையில் தேயிலைக் கன்றுகள் இலை கருகிச் செத்துக்கொண்டிருந்தன. எங்கள் மரங்களின் இலையிலும் அதே போன்ற கரும்புள்ளிகள். நோய் எங்கள் மரங்களிலிருந்துதான் வந்தது என்று சொல்ல அவருக்கு அது போதுமாக இருந்தது.

இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. பயிர்நோய் ஆய்வுகூடமொன்றில் நான் உதவியாளராக இருந்தேன். அங்கே எனக்கு மேலதிகாரி யாழ்ப்பாணத்துப் பெண். எல்லோருக்கும் அவர் 'டொக்டர்'. நடந்ததை அவரிடம் சொன்னேன்.

"ஆர் பிள்ளை சோதிச்சுப் பாத்தது?"

"யாரும் பாக்கல டொக்டர். தொர சொன்னாரு, வெட்டிட்டாங்க."

அந்த வாரமே தோட்டத்துக்குப் போனோம். விழுந்து கிடந்த கிளைகளிலும் தவறணையிலும் அங்கே வைத்திருந்த தாய்ச்செடிகளிலும் இலை பறித்தோம். துரையின் பங்களாத் தோட்டத்திலும் ஒரு பட்டர் புரூட் மரம் புள்ளி விழுந்த இலைகளோடு நின்றது. அதை யாரும் தொடவில்லை. டொக்டர் அதிலும் இலை பறித்துக்கொண்டார்.

நுண்ணோக்கியில் எல்லாப் பூஞ்சை வித்துகளும் ஒன்றாகவே தெரிந்தன. நிறமில்லாமல், முனை மழுங்கி, அரிசிமணி போல. பழைய நூல்களின்படி எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான். டொக்டருக்கு மனம் ஒப்பவில்லை. தட்டுகளில் வளர்த்துப் பார்த்தபோது நிறத்திலும் வளரும் வேகத்திலும் சிறு வேறுபாடு இருந்தது. மரபணுவை வாசிக்கக் கொழும்புக்கு அனுப்பினார். விடை வந்தபோது அவை இரண்டு வேறு இனங்கள் என்று தெரிந்தது. மரத்தில் இருந்தது ஒன்று, தவறணையில் இருந்தது இன்னொன்று. தவறணைக் கன்றுகளுக்குத் தண்டு வெட்டி எடுக்க வெளித்தோட்டத்திலிருந்து துரை தருவித்த தாய்ச்செடிகளிலும் அந்த இரண்டாவதுதான் இருந்தது. நோயைக் கொண்டுவந்தவர் அவரேதான்.

காலையில் வேலை பிரித்துக் கொடுக்க ஆட்களைக் கூட்டும் பெரட்டில் தொழிலாளரிடம் இதைச் சொல்லும்படி டொக்டர் துரையைக் கேட்டார். வெட்டிய மரங்களைப் பற்றி இனிப் பேசி என்ன பயன் என்று துரை ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். மறுநாள் காலை டொக்டரே பெரட்டுக் களத்தில் போய் நின்றார்.

"உங்கட மரங்களில பிழை இல்லை. நோய் வெளியில இருந்து கொண்டுவந்த செடியோட வந்தது."

அத்தை கூடையை இறக்கி வைத்தாள். "அப்ப தொர வூட்டு மரத்துல இருந்தது என்னாங்கம்மா?"

"உங்கட மரத்தில இருந்த அதே பூஞ்சைதான்."

யாரோ ஒருத்தி சிரித்தாள். களம் முழுவதும் அந்தச் சிரிப்புப் பரவியது. கங்காணி அதட்டினார்.

டொக்டருக்கு விரைவிலேயே இடமாற்றம் வந்தது. ஹட்டன் ஸ்டேஷனில் ரயில் ஏறும்போது அவர் கண் கலங்கியது. "அத்தையிட்டச் சொல்லுங்கோ பிள்ளை, நான் மன்னிப்புக் கேட்டனான் எண்டு."

எதற்கு? கோடரியைக் கையில் கொடுத்தவர் வாய் திறக்கவில்லை. உண்மையைக் கண்டுபிடித்தவர் மன்னிப்புக் கேட்கிறார். இன்று நானே அந்தப் பூஞ்சைகளை இனம் பிரிக்கிறேன். இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் எழுதும் ஒவ்வொரு முறையும் அந்தக் கோபம் புதிதாக மூள்கிறது.

டொக்டர் சொன்னதை அத்தையிடம் நான் சொல்லவே இல்லை. அது அவர் கேட்க வேண்டிய மன்னிப்பு அல்ல.