என் பேரை எழுதாதீங்கண்ணே

1. மார்க்கர் உத்தியோகம்

கொரோனா இரண்டாவது அலையின்போது அருப்புக்கோட்டைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் எனக்கு இரண்டு வேலை. சம்பளத்துக்கு ஸ்டாஃப் நர்ஸ். சம்பளமில்லாமல் பெயர் எழுதுகிறவன். பி.பி.இ. கிட்டுக்குள் புகுந்துவிட்டால் டாக்டரும் ஒரே வெள்ளை மூட்டை, துப்புரவுப் பணியாளரும் ஒரே வெள்ளை மூட்டை. ஆள் தெரிய வேண்டுமே என்று கிட்டின் நெஞ்சுப் பக்கத்தில் மார்க்கரால் பெயர் எழுதுவோம். என் எழுத்து பெரிது என்பதால் அந்த உத்தியோகம் எனக்கு வந்தது.

நான் பெயரோடு விடுகிற ஆளில்லை. டியூட்டி டாக்டர் பெயருக்குக் கீழே 'புதுமாப்பிள்ளை' என்று எழுதுவேன். எனக்கு எழுதுவது சபுரா சிஸ்டர். 'கருப்பசாமி, ஓவர் லோடு' என்று எழுதுவார். பொய்யில்லை. என் தொப்பைக்கு எந்த கிட்டும் பத்தாது. குனிந்தால் பின்னால் பிளக்கும், பிளாஸ்டர் ஒட்டித்தான் உள்ளே அனுப்புவார்கள். ஆக்ஸிஜன் மாஸ்க்கோடு கிடந்தவர்கள்கூட அதைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்தவர்களில் சிலர் மறுநாள் அந்தக் கட்டிலில் இல்லை.

சபுரா என்னைவிட ரொம்ப இளையவர். வீட்டுக்காரர் ரியாத்தில் இருந்தார். மகனைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு எம்.ரெட்டியபட்டியிலிருந்து ஸ்கூட்டியில் வருவார். ஒருநாள் மார்க்கரோடு போனேன், கையைத் தட்டிவிட்டார்.

"என் பேரை எழுதாதீங்கண்ணே."

"ஏம்மா, ஆதார்ல பேரு எதுவும் மாத்திட்டியா?"

சிரிக்கவில்லை. "போறவுக எல்லாம் கடைசியா என் பேரைத்தாண்ணே கூப்பிடுறாக. பக்கத்துல பெத்த புள்ளை கிடையாது, பொண்டாட்டி கிடையாது. நெஞ்சுல இருக்கறதப் படிச்சுட்டு சபுரா, சபுராங்கறாக. நேத்து அந்தப் பரளச்சி ஊருப் பெரியய்யா கையை விடவே இல்ல. வீட்டுல எம் மகன் அம்மாங்குறான், அது காதுல விழ மாட்டேங்குது. குழாயத் திறந்தா மட்டும் சபுராங்குது."

கொஞ்சம் யோசித்துவிட்டு அவர் நெஞ்சில் 'கருப்பசாமி' என்று எழுதினேன்.

"கூப்பிடுறவுக என்னையக் கூப்பிட்டதா வச்சுக்க. நமக்குத்தான் காது மந்தமாச்சே."

2. இரண்டு கருப்பசாமி

சில நாள் அது வேலை செய்தது. ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் மட்டும், "என்னய்யா, உன்னைப் பாதியா வெட்டி ரெண்டாக்கிட்டாங்களா?" என்றார். "வெட்டினாலும் மூணு தேறும் சார்" என்றேன்.

பிறகு ஒருநாள் மதியம் ஒருவர் கேட் பக்கம் வந்து நின்றார். காலையில்தான் அவருடைய அப்பா இறந்திருந்தார்.

"இங்க கருப்பசாமிங்கறது யாருங்க?"

"நாந்தான்."

"எங்கய்யா போன்ல பேசுச்சு. கருப்பசாமி எங் கையப் பிடிச்சுக்கிட்டு நிக்குது, பயப்படாதீகன்னு சொல்லுச்சு. அத்தோட பேச்சு நின்னுபோச்சு." கையெடுத்துக் கும்பிட்டார். "நல்லாயிருப்பீக சாமி."

அந்த அப்பா போனில் பேசிய நேரத்தில் நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். கையைப் பிடித்திருந்த கருப்பசாமி என் பின்னால் தூண் ஓரமாக நின்றுகொண்டிருந்தார்.

டியூட்டி முடிந்தும் சபுரா வீட்டுக்குப் போகவில்லை. வண்டி நிறுத்தும் இடத்தில் ஸ்கூட்டி மேல் உட்கார்ந்திருந்தார்.

"யார் கையப் பிடிச்சிருக்கோம்னு அவருக்குத் தெரியாமலே அந்த ஐயாவை அனுப்பிட்டேன்ல. பேரை எழுதினாலும் தாங்கல, எழுதாட்டியும் தாங்கலண்ணே." பிறகு, "போற வழியில வண்டியக் கண்மாய்க்குள்ள விட்டுரலாம்னு வருதுண்ணே" என்றார்.

என் வாய் முந்திக்கொண்டது. "எந்தக் கண்மாயில தண்ணி கெடக்கு? வண்டிக்குத்தான் செலவு."

சபுரா சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்து ஓய்ந்த பிறகுதான் அவர் சொன்னது என்னவென்று எனக்கு உறைத்தது. ஸ்கூட்டி சாவியை உருவி என் பையில் போட்டுக்கொண்டேன்.

"எந்திரி. இன்னைக்கு என் பைக்குல வா."

"பைக்குல இடம் இருக்கா?" என்றார். அந்த நிலையிலும் கேட்டார்.

வீட்டில் இறக்கிவிட்டு, அவர் அம்மாவிடம் உள்ளதைச் சொன்னேன். "சபுராவத் தனியா விட்றாதீக. மாப்பிள்ளைக்கும் போன் போட்டுச் சொல்லுங்க. காலையில நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

3. துணைக்கு வந்த ஆள்

மனநல டாக்டரின் அறை எங்கள் ஆஸ்பத்திரியின் கடைக்கோடியில் இருந்தது. எத்தனையோ நோயாளிகளை அங்கே அனுப்பியிருக்கிறோம். ஸ்டாஃப் யாரும் அந்த பெஞ்சில் உட்கார மாட்டோம். உட்கார்ந்தால் சாயங்காலத்துக்குள் டீக்கடைக்குச் செய்தி போய்விடும். மறுநாள் சபுராவைச் சுவர் ஓரம் உட்கார வைத்து இந்தப் பக்கம் நான் உட்கார்ந்தேன். என்னைத் தாண்டி அவரைப் பார்ப்பது யாருக்கும் சுலபமில்லை.

டாக்டரம்மா சபுராவிடம் தனியாக ரொம்ப நேரம் பேசினார். மாத்திரை எழுதினார், லீவுக்கும் எழுதினார். பிறகு என்னை உள்ளே கூப்பிட்டார்.

"நீங்க?"

"துணைக்கு வந்தேன் மேடம்."

"எப்படித் தூங்குறீங்க?"

"மல்லாக்கப் படுத்துத்தான்."

அவர் சிரிக்கவில்லை. "எப்படித் தூங்குறீங்கன்னு கேட்டேன்."

அடுத்த ஜோக்குக்கு வாயைத் திறந்தேன். வரவில்லை. சபுராதான் பதில் சொன்னார்.

"அண்ணன் தூங்குறதே இல்ல மேடம். டியூட்டி முடிஞ்சாலும் வீட்டுக்குப் போறதில்ல. ஆக்ஸிஜன் சிலிண்டர் ரூம்புல உக்காந்து மீட்டரையே பாத்துக்கிட்டிருப்பாரு. நாங்க போனா எந்திரிச்சு ஜோக் சொல்லுவாரு. நாங்களும் சிரிச்சுட்டு வந்துருவோம்."

அவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் அது டியூட்டியைச் சேர்ந்தது மாதிரி இருந்தது.

"உக்காருங்க" என்றார் டாக்டரம்மா. நான் ஏற்கனவே உட்கார்ந்துதான் இருந்தேன்.

இருவரும் பல மாதங்கள் அந்த அறைக்குப் போனோம். லீவு முடிந்து வந்த சபுரா பிரசவ வார்டு கேட்டு வாங்கிக்கொண்டார். நான் அங்கேயே இருந்து ரிட்டயர் ஆனேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்கள் வார்டிலும் சிரிக்க வைக்கிற ஆள் ஒருவன் இருப்பான். நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும், தூங்கினாயா என்று கேளுங்கள். பதிலுக்கு அவன் ஜோக் சொன்னால் இன்னொரு தடவை கேளுங்கள்.